பூட்டிய கேள்வி

மென்பொருள் எழுதுகிறவர்கள் கூடும் இணைய மன்றத்தில் நிர்வாகி ஏகாம்பரம் வைத்ததுதான் சட்டம். புதிதாகச் சேர்ந்த பூங்குழலி, "என் செயலியில தமிழ் எழுத்து கட்டம் கட்டமா வருது, என்ன செய்ய?" என்று கேட்டாள்.

"ஏற்கெனவே கேட்டாச்சு. தேடத் தெரியாதவங்களுக்கு இங்கே இடமில்லை" என்று, யாரும் பதில் எழுத முடியாதபடி கேள்வியைப் பூட்டினார் ஏகாம்பரம்.

தேடினாள். அந்தப் பழைய கேள்வி கிடைத்தது, சிரிப்பும் வந்தது.

புதியவர்களுக்கான அறிமுகப் பக்கத்தில் எழுதினாள்: "தேடிட்டேன் சார். முன்னாடி கேட்டவர் 'சரியாயிடுச்சு, நன்றி'ன்னு எழுதிட்டுப் போயிட்டார். எப்படின்னு சொல்லவே இல்லை. அவரை என்ன செய்யலாம்?"

ஏகாம்பரம் பொங்கினார். "இன்னைக்கே மன்றத்தை விட்டுத் தூக்கிடறேன். யார் அந்த ஆள்?"

"நீங்கதான் சார். போறதுக்கு முன்னாடி விடையைச் சொல்லிட்டுப் போங்க."

மன்றமே சிரித்தது. சற்று நேரத்தில் விடை வந்தது, விளக்கத்தோடு.

கீழே பூங்குழலி எழுதினாள்: "சரியாயிடுச்சு, நன்றி. எப்படின்னு மேலே சார் எழுதியிருக்கார்."