தகுதியுள்ள கிணறு

வானம் பார்த்த பூமி ஒன்றில் ஒரு கிணறு இருந்தது. தண்ணீர் போய், உள்ளே ஒரு தவளை மட்டும் மிச்சம். கரையில் ஒரு தென்னை நின்றது. கன்றாக இருந்த நாள் முதல் அந்தக் கிணற்றுத் தண்ணீரையே குடித்து வளர்ந்த மரம். இப்போது அதன் குரும்பைகள் உதிர்ந்து, கிணற்றின் அடியில் 'டொக்' என்று விழுந்தன. ஒவ்வொரு 'டொக்'குக்கும் கிணற்றின் நெஞ்சு பதறியது.

"இந்த வருசத்தைத் தாண்ட மாட்டேன் போலிருக்கு அண்ணே" என்றது தென்னை.

கிணற்றுத் தவளைக்கு நாட்டு நடப்புத் தெரியாது என்று சொல்லிவைத்தவர்கள் இந்தத் தவளையைச் சந்தித்ததில்லை. தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க வருகிறவர்கள், இல்லை என்றானதும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அரசாங்கத்தைப் பற்றிப் பேசுவார்கள். கேட்டுக் கேட்டே தவளைக்கு எல்லாத் திட்டமும் மனப்பாடம். அனுபவமும் உண்டு. சென்ற வறட்சியில் ஊரார் அதற்கு மஞ்சள் பூசி, மழை வேண்டித் தவளைக் கல்யாணம் செய்துவைத்தார்கள். மழை வரவில்லை. பெண்டாட்டியை எந்தக் குளத்தில் விட்டார்கள் என்பதும் தெரியவில்லை.

"மேலிடத்துக்கே மனுப் போட்டவன் அண்ணாச்சி நான்" என்றது தவளை. "வறண்ட கிணத்தை ஆழப்படுத்த உதவித்தொகை குடுக்காங்க. இன்னும் ரெண்டு ஆள் ஆழம் தோண்டினா ஊத்து நிச்சயம்."

தென்னை உதிர்த்த மட்டையில் தவளை விண்ணப்பம் எழுதியது. கிணறு, விளிம்புக் கல்லில் கயிறு உரசி உரசி விழுந்திருந்த வரிகளை அதில் அழுத்தி ரேகை வைத்தது.

ஆய்வுக்கு அதிகாரி வருவார் என்று காத்திருந்தபோது மழை வந்துவிட்டது. தலைக்கு மேலே நின்று மரியாதையாக ஒருமுறை செருமியது.

"தவளைக் கல்யாண மனு இப்போதுதான் என் பார்வைக்கு வந்தது. பெய்யச் சொல்லி உத்தரவு. மாப்பிள்ளை சௌக்கியமா?"

கிணறு ஆனந்தத்தில் வாயைத் திறப்பதற்குள் தவளை குறுக்கே பாய்ந்தது. "அண்ணாச்சி, அவசரப்படாதீங்க! அடியில ஈரம் இருந்தா நமக்குத் தகுதி போயிரும். ஒரே ஆளு ரெண்டு உதவி வாங்கவும் கூடாது."

"மழை உதவியில் சேருமா?" என்று கேட்டது கிணறு.

"பின்னே? காசு குடுத்தா வாங்குதோம்?"

கிணறு யோசித்தது. மழை ஒரு பருவத்துக்கு. ஊற்றுக் கிடைத்தாலோ தென்னைக்கு ஆயுள் முழுக்கத் தண்ணீர். அது தயங்கித் தயங்கிச் சொல்லியது: "மன்னிக்கணும். இப்போதைக்கு வேண்டாம்."

மழை திகைத்தது. "என்னை வரவழைக்கக் கழுதைக்குத் தாலி கட்டுகிறவர்கள் உண்டு. வந்தவனைத் திருப்பி அனுப்புகிறவன் நீதான். சரி, வேண்டாம் என்று எழுதிக் கொடு. நானும் மேலே கணக்குச் சொல்ல வேண்டும்."

"அவரு வேண்டாம்னா ஆச்சா? நானும் இங்கதான நிக்கேன்!" என்று கத்தியது தென்னை.

மழை உத்தரவைப் புரட்டிப் பார்த்தது. "இதில் கிணறு என்றுதான் இருக்கிறது. தென்னை என்று இல்லையே."

கிணறு இன்னொரு மட்டையில் ரேகை வைத்தது. பக்கத்து ஊரில் அன்று நல்ல மழை.

ஐப்பசியில் எதிர்பார்த்த அதிகாரி பங்குனியில் வந்தார். அவர் ஓர் அளவு நாடா. வட்டப் பெட்டிக்குள் சுருண்டிருந்தவர், நாக்கை நீட்டிக்கொண்டு அடிவரை இறங்கி, தடவிப் பார்த்து, விருட்டென்று பெட்டிக்குள் திரும்பினார்.

"எலும்பாய்க் காய்ந்திருக்கிறது. பிரமாதம்! இப்படி ஒரு வறட்சியை நான் பார்த்ததே இல்லை."

கிணறு கூச்சத்தோடு நெளிந்தது. தவளை நெஞ்சை நிமிர்த்தியது.

"எல்லாம் சரி" என்று நாடா, மழை மேலிடத்தில் சேர்த்திருந்த இரண்டாவது மட்டையை எடுத்தார். "இது உங்கள் ரேகைதானே? மழை வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீரே வேண்டாத கிணற்றை அரசாங்கம் எதற்கு ஐயா ஆழப்படுத்த வேண்டும்?"

விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. நாடா போய்விட்டார்.

தவளைதான் முதலில் தேறியது. "விடுங்க அண்ணாச்சி. தண்ணியே கேக்காத கிணத்துக்கு ஒரு விருது இருக்கு. ஊரு உலகத்துல நம்மளை விட்டா யாருக்குக் குடுப்பாங்க? பக்கத்துல குடியிருக்கவங்க ஒருத்தர் சாட்சி சொன்னாப் போதும்." அது அண்ணாந்து பார்த்தது. "ஏ தென்னை, ஒரு வார்த்தை சொல்லு!"

தென்னை ஒன்றும் சொல்லவில்லை. அதன் உச்சியில் குருத்து கருகித் தலைசாய்ந்திருந்தது. எப்போது என்று இருவரும் கவனிக்கவில்லை. குரும்பை விழும் சத்தம் நின்று பல நாளாகியிருந்தது.

கிணறு நெடுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அதன் அடியில், எந்த ஊற்றும் இல்லாத இடத்தில், மெல்ல ஒரு துளி கசிந்தது.

தவளை பதறிப்போய் ஓடிவந்தது.

"ஐயையோ, ஈரம்! துடைங்க அண்ணாச்சி, துடைங்க. யாராவது பாத்தா விருது போயிரும்!"