கரடி மாட்டிய கேமரா

நாவல் குளத்துக் கரையில் வாழ்ந்த கரடி ஒரு சிவப்புக் கார் வாங்கியது. வாங்கிய அன்றே நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியது. ஊர்க்கண் படாமலிருக்க முன்பக்கம் பச்சை மிளகாய் கோத்துத் தொங்கவிட்டது. பிறகு வீட்டெதிரே இருந்த புங்கமர நிழலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. அதோடு சரி! கார் அந்த இடத்தை விட்டு ஒரு முழம்கூட நகரவில்லை.

காரணம் இருந்தது. ஆவணியில் கரடியின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் மலையடிவாரத்தில் பெரிய குடும்பம். நிச்சயத்தன்று பந்தியில் உட்கார்ந்துகொண்டு கரடி அளவுக்கு மீறிப் பேசிவிட்டது.

“சம்பந்தி! மாப்பிள்ளை அழைப்பு நம்ம கார்லதான்! ஊர் பார்க்க உக்கார வச்சுக் கூட்டிட்டு வருவேன்!”

சம்பந்திக் கரடி சிரித்தும் சிரிக்காமலும் தலையாட்டியது. “பார்ப்போம், பார்ப்போம்.”

அந்தப் “பார்ப்போம்” கரடிக்கு அன்றிரவு சோறு இறங்கவிடவில்லை. கல்யாணம்வரை வண்டியில் ஒரு கீறல் விழக்கூடாது என்று சபதம் எடுத்துக்கொண்டது. காரை ஓட்டினால்தானே கீறல் விழும்? ஆகவே ஓட்டவே இல்லை. காலையும் மாலையும் துடைத்தது. துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தது.

ஒருநாள் காலை பானட்டின் மேல் சின்னச் சின்னதாக மண் தடங்கள்! கரடிக்குப் பகீரென்றது.

“நரி வீட்டுல கேமரா இருக்கு. நம்ம வீட்டுல இல்லை. அதான் எவனோ ஏறிப் பார்க்கிறான்!” என்று முடிவு கட்டி, நேராகப் பச்சோந்தி கடைக்கு நடந்தது.

பச்சோந்தி ஒரு கண்ணால் தெருவையும் மறு கண்ணால் வாடிக்கையாளரையும் பார்த்து வியாபாரம் செய்யும். கேமரா விற்க அதைவிடப் பொருத்தமான ஆள் யார்?

“வாங்க அண்ணே! எதுக்குக் கேமரா?”

“நிறுத்தி வச்சிருக்கிற காருக்கு.”

“காருக்கு எதுனால பயம்? அதைச் சொன்னா ஏத்த மாதிரி எடுத்துத் தர்றேன்.”

“பயமா? எனக்கா? நான் கரடி!”

“உங்களுக்கு இல்லை அண்ணே, காருக்கு! திருடன் வருவானா? கிளை முறிஞ்சு விழுமா? இல்லை, அடியில எதுவும் பூந்துக்குமா?”

கரடி யோசித்தது. அப்படியெல்லாம் அது நினைத்தே பார்க்கவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால், “எல்லாத்துக்கும்தான்!” என்றது.

பச்சோந்தி உள்ளங்கை அளவுள்ள ஒன்றை எடுத்து வைத்தது. “இது சின்னது. டயர் உயரத்துக்குச் சுவத்துல மாட்டணும். வண்டிக்கு அடியில ஒரு பூச்சி ஊர்ந்தாலும் காட்டும்.”

“டயர் உயரத்துலயா? மாட்டினது யார் கண்ணுக்குத் தெரியும்?”

“தெரியாததுதான் நல்லது அண்ணே.”

கரடிக்கு அது பிடிக்கவில்லை. அதன் பார்வை மேல்தட்டில் இருந்த பூசணிக்காய் அளவுக் கேமராவின் மேல் விழுந்தது. “அது என்ன?”

“அது உசரத்துல மாட்டறது. சுத்திச் சுத்திப் பார்க்கும். காரு மேல யாராவது ஏறினா உங்க போனுக்குப் படம் வரும். கூடவே ‘ஊய்ய்ய்’னு அலறும். ஆனா, அடியில நடக்கிறது அதுக்குத் தெரியாது.”

“நரி வீட்டுல எது?”

“இதைவிட ஒரு சுற்று சின்னது.”

“அப்ப இதைக் கட்டு!”

பச்சோந்தி இரண்டு கண்ணையும் ஒருசேர மூடித் திறந்தது. அது பெரிய அதிசயம்! கேட்காதவனுக்கு எத்தனை தடவைதான் சொல்வது? பெட்டியைக் கட்டிக் கொடுத்தது.

கேமரா புங்கமரத்தின் உச்சிக் கிளையில் ஏறியது. போகிற வருகிற எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். கரடிக்கு வாயெல்லாம் பல்!

மறுநாள் கரடி குளத்தில் குளித்துக்கொண்டிருந்தபோது கேமரா அலறியது. கரையில் வைத்திருந்த போனில் படம் ஓடியது. பானட்டின் மேல் பூனை! நான்கு காலும் மண்! அவ்வளவுதான் கரடி பார்த்தது. போனைத் துண்டில் சுருட்டிக்கொண்டு ஈரத்தோடு ஓடியது.

பூனை அப்போதுதான் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது.

“பிடிபட்டியா! என் கார் என்ன உனக்குக் கட்டிலா?”

“இல்லை அண்ணே. நான் மேல உக்கார்ந்து...”

“மேல உக்கார்ந்ததைத்தான் நானே பார்த்தேனே!”

“கோபப்படாதீங்க. ஒரே ஒரு தடவை குனிஞ்சு அடியில பாருங்க. பார்த்துட்டு அப்புறம் திட்டுங்க.”

“குனியறதா? நானா? குனியாம பார்க்கத்தான் இவ்வளவு பெரிய கேமரா வாங்கியிருக்கேன்! ஓடு!”

பூனை இன்னும் இரண்டு நாள் வந்து பார்த்தது. ஒவ்வொரு முறையும் பானட்டில் கால் வைத்ததும் கேமரா அலறியது. கரடி தடியோடு பாய்ந்தது. மூன்றாம் நாள் பூனை வாலை உயர்த்திக்கொண்டு அக்கரைக்கு நடந்தது. அங்கே ஆட்டின் வைக்கோற்போரைக் காக்கும் வேலை கிடைத்தது. மரியாதையாகவும் நடத்தினார்கள்.

அதன்பின் கேமரா அலறவே இல்லை. இருபது நாள் முழு அமைதி! கரடி வந்தவர்களிடமெல்லாம் போனைக் காட்டியது. “பாருங்க, ஒரு ஈ உக்காரலை!” என்று மார் தட்டியது.

மாப்பிள்ளை அழைப்பு நாள் வந்தது. சாயங்கால வெயிலில் கார் தகதகவென்று மின்னியது. மேலே மல்லிகைச் சரம், கதவில் ரோஜா மாலை. நாதஸ்வரக்காரர்கள் முன்னால் நின்றார்கள். சம்பந்தி வீட்டார் ஐம்பது பேர் சூழ்ந்து நின்றார்கள். மாப்பிள்ளைக் கரடி பட்டு வேட்டி கசங்காமல் பின் இருக்கையில் உட்கார்ந்தது.

கரடி முன்னால் ஏறிச் சாவியைத் திருப்பியது.

சத்தமே இல்லை!

மறுபடி திருப்பியது. வண்டி ஒரு தடவை இருமக்கூட இல்லை. நாதஸ்வரம் நின்றது. மேளம் நின்றது. கரடிக்கு முதுகெல்லாம் வேர்த்தது. இறங்கி ஓடிப் பானட்டைத் தூக்கியது.

உள்ளே ஒரு வீடே இருந்தது! வைக்கோல், கிழிந்த துணி, புங்க இலை எல்லாம் சேர்த்துக் கட்டிய மெத்தை. மெத்தையில் இளஞ்சிவப்பாக ஏழு குஞ்சுகள். சுற்றிலும் கடித்துத் துப்பிய ஒயர் துண்டுகள். நடுவில் ஒரு தாய் எலி, விருந்தாளியைப் பார்த்ததுபோல் எழுந்து நின்றது.

“வாங்க அண்ணே! உங்களுக்கு நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருக்கேன்!”

“எனக்கா? எதுக்கு?”

“அந்தக் கேமராவுக்குத்தான்! முன்னாடியெல்லாம் இந்தப் பூனை மேலயே உக்கார்ந்து காது கொடுத்துக் கேட்கும். நாங்க அசைஞ்சா போதும், குதிச்சு வந்து பிடிச்சுடும். என் வீட்டுக்காரரே அப்படித்தான் போனாரு. நீங்க கேமரா மாட்டினதும் என்ன காவல், என்ன காவல்! பூனை கால் வச்சா அதுவே அலறுது. நீங்களும் தடியோட ஓடி வர்றீங்க. எங்களுக்காக இவ்வளவு பாடுபட்டவங்க யாரும் இல்லை. நீங்க நல்லா இருக்கணும்!”

ஐம்பது பேரும் கேட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடக் கரடிக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

சம்பந்திக் கரடி தொண்டையைச் செருமியது. “தம்பி, இறங்குப்பா. நாம நடந்து போவோம்.” பிறகு கரடியின் பக்கம் திரும்பியது. “நீங்க அவசரப்படாதீங்க சம்பந்தி. உள்ள பச்சைக் குழந்தைங்க இருக்கு. மெல்லக் கிளப்பிக்கிட்டு வாங்க.”

ஊர்வலம் நடந்தே போனது. மேளச்சத்தம் தூரத்தில் தேய்ந்தது. கரடி மட்டும் பூ கட்டிய காரோடு புங்கமரத்தடியில் நின்றது.

மறுநாள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பந்தி நடக்கும்போது கரடி ஒரு தூண் மறைவில் உட்கார்ந்து போனைத் திறந்தது. அன்று குளத்தங்கரையில் பாதியில் விட்ட படத்தை முதல் தடவையாகக் கடைசிவரை பார்த்தது.

பூனை பானட்டின் மேல் கண்மூடிப் படுத்திருந்தது. திடீரென்று அதன் காது விறைத்தது. கீழே பாய்ந்து மறைந்தது. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு வெளியே வந்த பூனையின் வாயில் ஒரு தடித்த எலி தொங்கியது. அந்த நேரத்தில் ஈரத்துண்டோடு ஒரு கரடி ஓடிவந்து கத்தியது. பூனை எலியைக் கீழே வைத்துவிட்டுப் பணிவாக ஏதோ சொன்னது. எலி கரடியின் காலடியிலேயே கிடந்தது. கரடி குனிந்து பார்க்கவே இல்லை.

கண்ணில் பட்டவனையெல்லாம் கள்ளன் என்று துரத்துகிறவன், கண்ணில் படாத கள்ளனுக்குத் தானே காவலிருப்பான்.