அரியணைக்கு அடியில் ஒரு சாண் நாய்

எந்த நாடு, எந்த வருடம் என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். முன்னொரு காலத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது போதும். அந்த நாட்டு அரசருக்கு ராணி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அவர் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை. அரசவை விகடகவி வேம்பையனுக்கு இது பெரிய வேதனை. சிரிக்க வைப்பது அவன் பிழைப்பு என்பதால் மட்டுமல்ல, அரசர்மேல் அவனுக்கு உண்மையான பாசம் உண்டு.

அப்போதுதான் கடல் கடந்து வந்த வணிகர் ஒருவரிடம் ஒரு நாய் இருப்பதாகச் சேதி வந்தது. ஒரு சாண் உயரம். குட்டி என்று நினைத்துவிடாதீர்கள், அதன் முழு வளர்ச்சியே அவ்வளவுதான். இன்று டாய் டெரியர் என்கிறார்களே, அந்த இனம். குச்சிக் கால், விடைத்த காது, உருண்டை விழி. மடியை விட்டு இறங்கவே இறங்காது என்று வணிகர் சொன்ன ஒரு சொல்லுக்காகவே அரசர் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வந்த நாய் நேரே அரியணைக்கு அடியில் புகுந்துகொண்டது. பொன் தட்டில் பால்சோறு வைத்தார்கள், சீந்தவில்லை. அரசர் வரும்போதெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது. பத்து நாளில் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. அரசர் யாரிடமும் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. வேம்பையனிடம் மட்டும் ஒருநாள் மெல்லச் சொன்னார்.

"ஒரு நாய்க்குக்கூட என்னிடம் வரப் பிடிக்கவில்லை, வேம்பையா."

வேம்பையன் குனிந்து அரியணைக்கு அடியில் எட்டிப் பார்த்தான்.

பிரதானி திருமேனிநாதருக்கு வேம்பையனைக் கண்டாலே வயிறு எரியும். அவர் சபையில் எழுந்து, இந்த நாய் அரண்மனைக்குப் பொருந்துமா பொருந்தாதா என்று மூன்று நாளில் வேம்பையனே ஆராய்ந்து சொல்லட்டும் என்றார். தீர்ப்பு பிழையானால் நாயும் அவனும் நாட்டை விட்டே போகட்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். அரசர் எதிலும் மனம் ஒட்டாமல் தலையசைத்துவிட்டார்.

பிரதானியின் கணக்கு சுலபமானது. பொருந்தும் என்றால், பட்டினி கிடக்கும் நாயே பொய் என்று காட்டிக்கொடுக்கும். பொருந்தாது என்றால், அரசரின் மாளிகை ஒரு நாய்க்குக்கூட லாயக்கில்லை என்று சொன்ன குற்றம்.

வீட்டில் வேம்பையனின் மனைவி பேச்சியம்மைக்கும் இது புரிந்துவிட்டது. "எப்படிச் சொன்னாலும் தப்புன்னுதான் சொல்லுவாக. பேசாம மூட்டையக் கட்டட்டுமா?" என்று கேட்டாள்.

"கட்டு. முடிச்ச மட்டும் இப்பப் போட்டுறாத" என்றான் வேம்பையன்.

அடுத்த இரண்டு நாளும் அவன் அரண்மனை முழுக்கக் கையை ஊன்றித் தவழ்ந்து திரிந்தான். சேவகர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிரதானி பொத்திக்கொள்ளாமலே சிரித்தார்.

அந்தச் சபையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. அரசரின் தலைக்கு மேலே வேறு எவர் தலையும் இருக்கக்கூடாது. அதற்காகவே அரியணையை ஐந்து படி உயர்த்திப் போட்டிருந்தார்கள். அந்தப் படிகளுக்கு அடியில் தரையோடு இருந்த இடுக்கில்தான் நாய் ஒளிந்திருந்தது. மூன்றாம் நாள் அந்தப் படிகளுக்கு முன்னால் வேம்பையன் கைகூப்பி நின்றான்.

"பிரபு, நின்று பார்த்தால் அரண்மனை எனக்குப் பொருந்துமா என்றுதான் தெரிகிறது. நாய்க்குப் பொருந்துமா என்பது ஒரு சாண் உயரத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். என் வாய்ச்சொல்லைப் பிரதானி ஏற்கமாட்டார். தாங்களே இறங்கி வந்து பார்த்தருள வேண்டும்."

இது அடாத பேச்சு என்று பிரதானி குறுக்கிட்டார். ஆனால் அரசர் எழுந்துவிட்டார். இறங்கி வந்து தரையில் உட்கார்ந்தார்.

"ஒரு சாண், பிரபு" என்றான் வேம்பையன் பணிவாக.

அரசர் குப்புறப் படுத்து மோவாயைத் தரையில் வைத்தார். அவ்வளவுதான், சபை முழுக்கச் சடசடவென்று தரையில் விழுந்தது. பிரதானி பாடுதான் திண்டாட்டம். தொந்தி தரையில் படிந்தால் தலை எழும்பியது. கடைசியில் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு, ஒரு கன்னத்தைக் கல்தரையில் ஒட்டிக்கொண்டு கிடந்தார்.

தரையில் கிடந்தபடியே வேம்பையன் படிகளைக் காட்டினான். ஒவ்வொன்றும் நாயைவிட உயரம். ஆசைப்பட்டு ஏறினாலும் அந்தக் குச்சிக் கால் முறிந்துவிடும் என்றான். பிறகு, அரசரின் வருகையை மூன்று தட்டுத் தட்டி அறிவிக்கும் கட்டியக்காரரிடம், அவருடைய வெள்ளித் தடியை ஒரே ஒரு முறை தரையில் தட்டச் சொன்னான்.

கல்லில் மோவாய் வைத்திருந்த அரசருக்குத் தலைக்குள் இடி விழுந்தது. அவர் திடுக்கிட்ட அதே நொடியில், அரியணைக்கு அடியில் அந்தச் சின்ன உடம்பும் துள்ளி விழுந்ததைக் கண்டார்.

அரசர் கேட்டார்: "அப்படியானால் அது என்னைக் கண்டு நடுங்கவில்லையா?"

"இல்லை, பிரபு. தாங்கள் வரும்போதெல்லாம் மூன்று இடி விழுகிறது. தாங்கள் யார் என்று பார்க்க அதற்கு இதுவரை நேரமே கிடைக்கவில்லை."

உயரமானவர்கள் ஒருவர்கூட இல்லாத அந்தச் சபைக்குள் நாய் முதல்முறையாக மூக்கை நீட்டியது. ஒரு கால், பிறகு இன்னொரு கால். பிரதானியின் மூக்கை மோந்து பார்த்தது, ஒரு தும்மல் தும்மிவிட்டு நகர்ந்தது. அரசரின் முகத்துக்கு நேரே வந்து நின்று அவர் மூச்சைக் கேட்டது. பிறகு அவருடைய முழங்கை மடிப்பில் சுருண்டு, இத்தனை நாள் களைப்பையும் சேர்த்து ஒரு பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடியது.

பிரதானி விடுவதாயில்லை. கன்னம் நசுங்கியபடியே, பொருந்துமா பொருந்தாதா, தீர்ப்பு என்ன என்று முனகினார்.

"அரண்மனை எந்த நாய்க்கும் பொருந்தாது, ஐயா. பொருந்துவதற்கு மனிதர் வேண்டும். அந்த மனிதர் இதோ இருக்கிறார்" என்றான் வேம்பையன்.

அரசர் சிரித்தார். நாய் விழித்துவிடுமே என்று சத்தமில்லாமல் சிரித்தார். தோள் குலுங்கியது, கண்ணோரம் நனைந்தது. வேம்பையனுக்கும் தரை சற்று மங்கலாகத் தெரிந்தது. அரசர் அசையாமல் ஒற்றைக் கையால் தம் முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். எழுந்து வாங்க வழியில்லாததால் வேம்பையன் வயிற்றாலேயே ஊர்ந்து போய் வாங்கிக்கொண்டான்.

"பிரபு, சபையைக் கலைக்கலாமா?" என்று பிரதானி ஈனசுரத்தில் கேட்டார்.

"இப்போதுதானே தூங்கியிருக்கிறது" என்றார் அரசர்.