சந்தனம் வைத்த இயர்பட்ஸ்

சொரிமுத்துவின் இயர்பட்ஸ் சார்ஜ் ஏறாமல் போய் மூன்று நாளாயிற்று. மனுஷன் சோறு தண்ணி இறங்காமல் திரிந்தார்.

சின்ன மடம் அது. மலையடிவாரத்தில், பஸ் வந்து திரும்புகிற இடத்துக்கும் அப்பால் இருந்தது. பீடம், பல்லக்கு, பட்டம் எதுவும் கிடையாது. நல்லதாயம்மாள்தான் அங்கே குரு. நாற்பத்தைந்து வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தவர்களை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசுவார். மற்ற நாளெல்லாம் விறகு பொறுக்குவார், கீரை ஆய்வார், தொட்டி கழுவுவார்.

சீடர்களில் வயதில் மூத்தவர் சொரிமுத்து. குருவைவிட இருபது வயதாவது பெரியவர். அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை அண்ணாச்சி என்பார். அந்தப் பக்கத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை.

காலமெல்லாம் நூல் மில்லில் மெஷின் இரைச்சலுக்குள் வேலை பார்த்தவர் அவர். வீட்டுக்காரி தவறிப்போன பிறகு, மகன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டு, மடத்துக்கு வந்து சேர்ந்தார். இரண்டு வருஷமாகிறது. வந்த நாளிலிருந்து அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சையெல்லாம் போனில் பதிந்து வைத்துக்கொண்டு, காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே இருப்பார். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும்போதும் கேட்பார், படுக்கும்போதும் கேட்பார். குளிக்கும்போது மட்டும் கழற்றுவார். அந்தக் குளியலையும் காக்காய்க் குளியலாக முடித்துவிட்டு ஓடி வருவார்.

பார்க்கிறவர்களுக்கு, அடேயப்பா, என்ன குருபக்தி என்று இருக்கும். உள்ளே இருந்தது பக்தி பாதி, பயம் பாதி. காதில் பேச்சு நின்றால் போதும், அவருக்கு வேறொரு குரல் கேட்டுவிடும்.

அது அவர் மனைவியின் குரல். "இந்தாருங்க" என்று கூப்பிடும். அவ்வளவுதான், மேற்கொண்டு ஒன்றும் சொல்லாது. இவர் திரும்பிப் பார்ப்பார். கிணற்றடி இருக்கும், கொடியில் காயும் வேட்டி இருக்கும், ஆள் இருக்காது. உலகத்தில் தனக்கு ஒருத்தரும் இல்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு உறைக்கும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இந்த வயதில் இதைச் சொன்னால் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள், அல்லது பாவம் என்பார்கள். இரண்டுமே அவருக்கு ஆகாது.

போனைச் சத்தமாக வைத்துக் கேட்கலாமே என்றால், மடத்தில் அதற்கு அனுமதி இல்லை. ஆகவே அந்த இரண்டு சின்னக் குமிழ்களைத்தான் அவர் நம்பியிருந்தார்.

அவை இப்போது மூச்சுக் காட்டவில்லை. சொரிமுத்து வயரை மாற்றிப் பார்த்தார். பிளக்கை மாற்றிப் பார்த்தார். சார்ஜ் ஏற்றும் பெட்டியின் பொத்தானை விரல் வலிக்க அமுக்கிப் பார்த்தார். ஊதினார், வெயிலில் வைத்தார். சமையல் பார்க்கும் வடிவு, "அரிசிக்குள்ள போட்டு வைங்க, சரியாகும்" என்றாள்.

"அது நனைஞ்ச போனுக்குல்லா சொல்லுவாங்க?"

"எதுக்கும் கிடக்கட்டுமே."

அரிசிப் பானைக்குள்ளும் ஓர் இரவு கிடந்தது. ஒன்றும் ஆகவில்லை. இந்த மூன்று நாளும் அந்தக் குரல் தாராளமாக வந்து போய்க்கொண்டிருந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சொரிமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு அடுக்களைப் பின்பக்கம் போனார். நல்லதாயம்மாள் முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, டவுனுக்குப் போயிட்டு வாரேன்."

"என்ன சோலி?"

"இது செத்துப்போச்சு. புதுசு ஒண்ணு வாங்கணும்."

"ஒண்ணரை மணி பஸ் போயிட்டுதே. அடுத்தது சாயங்காலம்தான். குடுங்க, என்னன்னு பாப்போம்."

சொரிமுத்து கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"காதுல மாட்டுனதும்மா. அதை உங்க கையில எப்படிக் குடுக்க?"

"எனக்கும் காது இருக்கு. அதுலயும் அழுக்கு இருக்கு. குடுங்க."

கொடுத்தார். அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பெட்டியை வாங்கித் திருப்பினார்.

"வயர் மாட்டுனா பெட்டியில லைட் எரியுதா?"

"எரியுது."

"இதுகளை உள்ள வச்சா?"

"ஒண்ணும் எரியக் காணோம்."

"அப்ப பெட்டி வரைக்கும் கரண்டு வந்துட்டு. பெட்டியில இருந்துதான் இதுகளுக்குப் போகல."

அம்மா குமிழ்களை எடுத்து முறத்தின் ஓரத்தில் வைத்தார். காலிப் பெட்டியை வெயிலுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். பிறகு சொரிமுத்துவைப் பார்த்தார்.

"உள்ள என்ன, மஞ்சளா இருக்கு?"

சொரிமுத்து தலையைச் சொரிந்தார். "சந்தனம்."

"சந்தனமா?"

"ஆயுத பூஜையன்னைக்கு வச்சேன்."

அன்று மடத்தில் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தது அவர்தான். மிக்ஸி, அரிவாள்மணை, மண்வெட்டி, தண்ணி மோட்டார் என்று ஒன்றையும் விடவில்லை. வருஷா வருஷம் மில்லில் தன் மெஷினுக்கு வைத்துப் பழகிய கை.

"மண்வெட்டிக்குப் பிடியில வச்சீங்க. இதுக்கு மட்டும் ஏன் குழிக்குள்ள?"

"வெளிய வச்சா கை பட்டு அழிஞ்சிரும். உள்ள ரெண்டு பொட்டு தங்கம் மாதிரி மினுங்கிச்சு. உங்க குரல் உக்கார்ற இடம்லா, அங்கயே வச்சிட்டேன்."

"வைக்கதுக்கு முன்னால பேசிச்சா?"

"பேசிச்சு."

"வச்ச பிறகு?"

சொரிமுத்து நாளை எண்ணிப் பார்த்தார். பூஜைக்கு மறுநாள் வரைக்கும் மிச்ச சார்ஜில் ஓடியதும், அதற்குப் பிறகு படுத்ததும் அவருக்கு இப்போதுதான் புரிந்தது. பக்தியில் வைத்த சந்தனம் இறுகிக் காய்ந்து, கரண்டு போகிற அந்த இரண்டு பொட்டுக்கும் குறுக்கே உட்கார்ந்திருந்தது. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அம்மா சிரிக்கவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவினார். வடிவிடம் விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சைக் கொஞ்சம் வாங்கி, குச்சி நுனியில் சுற்றினார். குழிக்குள் விட்டு மெள்ளத் திருகினார். மஞ்சள் பொடி உதிர்ந்தது. பஞ்சை மாற்றி மாற்றித் துடைத்தார். குமிழ்களின் அடியிலும் துடைத்தார். பிறகு வயரை மாட்டி, இரண்டையும் உள்ளே வைத்தார்.

சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு கண் விழித்தது.

சொரிமுத்துவுக்கு உயிர் வந்தது. கை தானாக நீண்டது.

"அவசரப்படாதீங்க. கொஞ்சம் ஏறட்டும். அதுவரைக்கும் உக்காந்து கீரையை உருவுங்க."

அவர் தயங்கினார். சும்மா உட்கார்வதுதான் அவருக்கு முடியாத காரியம். குரு சொல்லை மீறவும் முடியாது. எதிரே உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்தார்.

கொஞ்ச நேரம் இலை உதிர்கிற சத்தம் மட்டும் இருந்தது. அந்த அமைதி நீண்டுவிடக்கூடாதே என்று சொரிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்மா, ஏதாவது பேசுங்களேன்."

"என் பேச்சைத்தான் விடிஞ்சா அடைஞ்சா கேக்குதீங்களே. அலுக்கலையா?"

"அலுக்குமாம்மா?"

"போன வாரம் தொட்டி நிறைஞ்சு வழிஞ்சுது. மோட்டாரை நிறுத்துங்க அண்ணாச்சின்னு கத்துனேன். நீங்க என்னைத் தாண்டிப் போறீங்க. என் பேச்சைக் காதுல வச்சுக்கிட்டு, நான் கூப்பிட்டது கேக்காம போறீங்க. தண்ணி வாசல் வரைக்கும் ஓடிட்டு."

சொரிமுத்துவின் முகம் சிறுத்துவிட்டது. "மன்னிச்சுக்கிடுங்கம்மா. தெரியாம நடந்துபோச்சு."

"கோவம் இல்ல. இவருக்குக் கேக்கணும்னா எந்த நல்லதாயி கூப்பிடணும்னு நின்னு யோசிச்சேன்."

சொரிமுத்து இலையை உருவினார். காம்பையும் சேர்த்து உருவினார். அம்மா அதை எடுத்துத் தனியே போட்டார். வடிவு அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கப் போனாள். காற்றும் நின்றது.

சட்டென்று சொரிமுத்துவின் கை நின்றது. தலை கிணற்றடிப் பக்கம் திரும்பியது. அங்கே ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார்.

"யாரு கூப்பிட்டா?" என்றார் அம்மா.

"யாரும் இல்ல."

அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. ஒரு கொத்தை முடித்து அடுத்த கொத்தை எடுத்தார். கேட்டிருந்தால் சொரிமுத்து எதையாவது சொல்லி மழுப்பியிருப்பார். கேட்காததால் சொல்லவேண்டியதாயிற்று.

"எங்க வீட்டுக்காரிம்மா."

"ம்."

"இந்தாருங்கன்னு கூப்பிடுவா. திரும்பினா இருக்க மாட்டா."

"தினமுமா?"

"காதுல சத்தம் இல்லன்னா தினமும்தான். மில்லுல கிடந்து எனக்கு அப்பவே காது மந்தம். அவ எப்பவும் ரெண்டு தடவ கூப்பிடுவா. முதல்ல மெதுவா, அப்புறம் சத்தமா. இப்ப மெதுவா கூப்பிடுறது மட்டும்தான் வருது. சத்தமா கூப்பிடுறது வரவே மாட்டேங்குதும்மா. அதுக்காகக் காத்துக்கிட்டே இருப்பேன். வராது."

அறுபத்தைந்து வயது ஆள் கீரைக் காம்பைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதார். அம்மா அழ விட்டார்.

"அவுக மெதுவா கூப்பிட்டா என்ன செய்வீங்க?"

"உங்க பேச்சைக் கூட்டி வச்சிருவேன். பற்றை விடணும்னு ஒரு ஞாயித்துக்கிழமை பேசுனீங்கல்லா, அதை. அந்தக் குரல் அமுங்குற வரைக்கும் வைப்பேன்."

"பற்று விட்டுச்சா?"

"இல்ல."

"நல்லாத்தான் பேசியிருக்கேன் போங்க" என்றார் அம்மா.

பெட்டியில் சிவப்பு போய்ப் பச்சை வந்திருந்தது. அம்மா வயரைப் பிடுங்கி, பெட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"ஏறிட்டு. எடுத்துக்கிடுங்க."

சொரிமுத்து எடுத்தார். திறந்தார். ஆனால் காதில் மாட்டவில்லை. இந்த இரண்டு வருஷத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கேள்விகளை அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள். மோட்சத்தைப் பற்றிக் கேட்டார்கள், கர்மத்தைப் பற்றிக் கேட்டார்கள். அவர் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்டார்.

"அம்மா, அவ கூப்பிடுறது கேக்காம இருக்க ஒரு வழி சொல்லுங்க. மிச்சக் காலத்தை நிம்மதியா கழிச்சிருதேன்."

நல்லதாயம்மாள் முறத்தை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார்.

"அவுக ரெண்டு வருசமா கூப்பிடுதாக, அண்ணாச்சி. ஒரு தடவையாவது என்னன்னு கேட்டீங்களா?"