ஏசி அறையில் வாங்கிய மார்க்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவன் என் இரண்டாவது மகன் எழில். அவன் அப்பாவைத் தலையில் ஸ்கேன் எடுக்க உள்ளே கூட்டிப் போயிருந்தார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில். நான் வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டபடி இருந்தேன். அப்போது சொன்னான்.

ஓர் ஆசிரமம் ஏழைகளுக்காக ஆஸ்பத்திரி நடத்தி வந்தது. ஸ்கேன் படங்களைத் திறந்து பார்க்கிற கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது. கடைக்காரர் கருப்பு ஒன்று, சாம்பல் நிறம் ஒன்று என இரண்டு கம்ப்யூட்டர் பெட்டிகளைக் கொடுத்து, பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை மாலைக்குள் அனுப்பச் சொன்னார். தேர்ந்தெடுக்கிற பொறுப்பு சீடர் நல்லசிவத்துக்கு.

அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆபீஸ் அறையில் ஏசியைப் போட்டு, இரண்டு பெட்டியின் மூளையான பிராசஸருக்கும் பெஞ்ச்மார்க் ஓட்டினார். அது கம்ப்யூட்டருக்கு வைக்கிற வேகப் பரீட்சை. கருப்புப் பெட்டிக்குத்தான் மார்க் அதிகம். மனசு ஆறாமல் மறுபடி ஓட்டினார். அப்போதும் கருப்புதான்.

குருவிடம் ஓடினார். அந்தத் துறவியை எல்லோரும் பெரியம்மா என்பார்கள்.

"பெரியம்மா, கருப்பையே வெச்சுக்கலாமா? தப்பாப் போயிட்டா?"

"மார்க் என்ன சொல்லுது?"

"கருப்புதான் வேகம்னு."

"அப்புறம் ஏம்ப்பா எங்கிட்ட ஓடி வந்தே?"

நல்லசிவம் ஆபீஸ் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டையும் தூக்கு. படம் பாக்குற ரூமுக்குப் போவோம்."

"அங்க ஏசி கிடையாதே. அடுப்பு மாதிரி கொதிக்கும்!"

"அதுக்கும் கொஞ்சம் வேர்க்கட்டும்."

உச்சி வெயில். அன்றைக்கு எடுத்த படங்களை இரண்டு பெட்டியிலும் வரிசையாகத் திறந்தார்கள். முதலில் கருப்பு முந்தியது. போகப்போகச் சூடேறி, ஃபேன் இரைந்து, ஒவ்வொரு படத்துக்கும் திணறியது. சாம்பல் நிறப் பெட்டி ஆரம்பித்த வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தது.

வாசலில் ஒரு பெண், முந்தானையைக் கடித்தபடி நின்றாள். அவள் பிள்ளை மாடிப்படியில் உருண்டு விழுந்திருந்தான்.

"சார், எம்புள்ள படம் வந்துடுச்சா?"

கருப்பில் பாதிதான் வந்திருந்தது. சாம்பலில் முழுசாக வந்த படத்தை அங்கிருந்த டாக்டர் குனிந்து பார்த்தார். "ரத்தக்கசிவு இல்லம்மா" என்றார். அவள் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்து அழுதாள்.

நல்லசிவம் பெரியம்மா பக்கம் திரும்பினார்.

"அப்போ அந்த மார்க் பொய்யா, பெரியம்மா?"

"பொய் இல்லப்பா. நீ கேட்டதுக்குச் சரியாத்தான் சொல்லிச்சு. நீ கேட்டப்போ இந்த வெக்கையும் இந்தப் பொண்ணும் அந்த ரூம்ல இல்ல."

நல்லசிவம் தலைகுனிந்து கருப்புப் பெட்டியின் வயரைக் கழற்றினார்.

எழில் சொல்லி முடித்தும் ஸ்கேன் அறைக் கதவு திறக்கவில்லை. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

ஸ்கேன் அறை வாசலில் யாராவது தனியாக உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.