அரசுத் தரப்பு என்ன சொல்கிறது?

சிரிப்புக் கதைதான் இது. ஆனால் சிரிப்பு வர நேரமாகும். அதுவரை யாரும் முந்திக்கொண்டு சிரிக்க வேண்டாம்.

"மேடம், நம்மால யாருக்கு என்ன பிரயோசனம்?" என்று கேட்டார் அரசு வழக்கறிஞர் இசக்கிமுத்து.

கேட்டது அமலோற்பவத்திடம். அவரும் அரசு வழக்கறிஞர்தான். வயதில் இசக்கிமுத்துவுக்கு இளையவர், அந்த வேலையில் பதினோரு ஆண்டு மூத்தவர். கடலோர ஊரின் அந்தக் கோர்ட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஓர் அறை, ஒரு மேசை, பாதி வேகத்தில் சுற்றும் ஒரு ஃபேன்.

"மதுரைக்குப் போயிட்டு வந்ததுல இருந்து இதையேதான் கேக்கீங்க, அண்ணாச்சி. அங்க என்னதான் நடந்துச்சு?"

"ரெண்டு நாள் கூட்டம். குற்றவியல் நீதிச் சீர்திருத்தம். ஜெயிலு நிரம்பி வழியுதாம். சில்லறை வழக்குக்கெல்லாம் ஆளுக மாசக்கணக்கா உள்ள கெடக்காங்களாம். எல்லாத்தையும் மாத்தணுமாம்."

"சாப்பாடு?"

"மட்டன் சுக்கா. மேடம், நான் கேக்கது வேற. பிடிக்கது போலீஸ். உள்ள வைக்கது ஜட்ஜு. சட்டம் போடுறது சர்க்காரு. நாம நடுவுல தபால்காரன். இவுக குடுத்ததை வாங்கி அவுககிட்ட குடுக்கோம். இதுல நாம என்னத்த மாத்த?"



மேசையில் இருந்த இசக்கிமுத்துவின் மறுநாள் வழக்குக் கட்டை அமலோற்பவம் இழுத்தார். ஒரு வழக்கைப் பிரித்தார். ஒரு காகிதத்தை இரண்டு முறை வாசித்தார். மறுபடி கட்டி வைத்தார்.

"நாளைக்கு ஒரு வேடிக்கை செய்வோமா, அண்ணாச்சி?"

"மறுபடியுமா?" என்றார் இசக்கிமுத்து.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. போன மாதம் இன்ஸ்பெக்டர் குரலில் போன் பேசி, அவரை வீட்டுக் கூடத்தில் எழுந்து நின்று "சரிங்க சார், சரிங்க சார்" என்று சொல்ல வைத்தவர் இந்த அம்மாதான்.

"ரொம்ப லேசான காரியம். நாளைக்குப் பேச்சித்தாய் ஜாமீன் மனு வருதுல்ல? ஜட்ஜய்யா கேப்பாரு. நீங்க எழுந்திரிச்சி நிக்கணும். நான் சிரிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது."

"நீங்க எப்ப சிரிப்பீங்க?"

"சிரிப்பு வரும்போது."

மறுநாள் டவாலி வாசலில் நின்று கூப்பிட்டார்.

"பேச்சித்தாய்... பேச்சித்தாய்... பேச்சித்தாயேய்..."

காவல் நீட்டிப்புக்காக அவளைச் சிறையிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறவள். மிஞ்சிய சாம்பாரை மண்டபத்து வாளி இரண்டில் வீட்டுக்கு எடுத்துப் போனாள். விடிந்ததும் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்று நினைத்தாள். அவளுக்கு முன்னால் மண்டபத்துக்காரர் விடிந்துவிட்டார். திருட்டு வழக்கு.

அவளுடைய வக்கீல் எழுந்தார்.

"வாளி ரெண்டும் அன்னைக்கே கெடச்சாச்சு ஐயா. உள்ள போயி இருபத்திரண்டு நாளாச்சு. நாளையில இருந்து பொங்கல் லீவு. இன்னைக்கு இல்லேன்னா இன்னும் ஆறு நாள் அங்கேயே கெடக்கணும்."

நீதித்துறை நடுவர் பேனாவைத் திறந்தார்.

"அரசுத் தரப்பு என்ன சொல்லுது?"

இசக்கிமுத்து எழுந்து நின்றார்.

திரும்பிப் பார்த்தார். கடைசி பெஞ்சில் அமலோற்பவம். மாதா கோயில் சுரூபம்போல அசையாத முகம்.

இசக்கிமுத்து வாயைத் திறக்கவில்லை.

"அரசுத் தரப்பு?"

பின்னாலிருந்து கோர்ட் ஏட்டு குனிந்து கிசுகிசுத்தார். "சார், கையில இருக்கதை வாசிங்க சார். கடும் ஆட்சேபம் சார். எப்பவும் போல சார்."

ஸ்டேஷனில் டைப் அடித்து ஏட்டு கொண்டுவருவார், இசக்கிமுத்து எழுந்து வாசிப்பார். அதுதான் எப்பவும்.

"உடம்புக்கு முடியலையா?" என்றார் நடுவர்.

இசக்கிமுத்து தலையை ஆட்டினார், இல்லை என்று.

"தண்ணி வேணுமா?"

வேண்டாம் என்று ஆட்டினார்.

வக்கீல்கள் பக்கம் யாரோ களுக்கென்றார்கள். அமலோற்பவம் சிரிக்கவில்லை.

பேனா காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே அப்படியே நின்றது. நடுவர் அவரைப் பார்த்தார். எதிர்த்தரப்பு வக்கீல் அவரைப் பார்த்தார். கதவோரம் உப்பளத்துச் சட்டையோடு நின்ற பேச்சித்தாயின் புருஷன் கும்பிட்டுக்கொண்டிருந்தான். கும்பிட்ட கை நடுவர் பக்கம் இல்லை. இவர் பக்கம் இருந்தது.

இசக்கிமுத்துவுக்குப் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கையிலிருந்த காகிதத்தில் வைத்தார்.

போன வெள்ளிக்கிழமை இவளுடைய முதல் மனுவுக்கு வாசித்த அதே வாசகம்தான். தேதி மட்டும் புதிது. அன்றைக்கு வாய் வாசித்தது. இன்றைக்கு வாய்க்கு வேலை இல்லாததால் கண் வாசித்தது.

'மேற்படி எதிரியை ஜாமீனில் விட்டால், தனக்குச் சொந்தமான விசைப்படகில் ஏறிக் கடல் மார்க்கமாகத் தப்பிச் சென்றுவிடுவார். ஆகவே கடும் ஆட்சேபம் தெரிவிக்கப்படுகிறது.'

இன்னொரு முறை வாசித்தார்.

எவனோ கடத்தல்காரனுக்கு அடித்த காகிதம். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

நிமிர்ந்து பேச்சித்தாயைப் பார்த்தார். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி வெடித்த விரல்கள். காலில் செருப்பு இல்லை.

சிரிக்க வேண்டிய இடம் இதுதான்.

திரும்பிப் பார்த்தார். அமலோற்பவம் சிரிக்கவில்லை. அவரும் பேச்சித்தாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா சிரிக்கப்போவதே இல்லை என்பது இசக்கிமுத்துவுக்கு அப்போதுதான் விளங்கியது.

"சரி. பொங்கல் கழிச்சுப் பார்ப்போம்," என்று நடுவர் பேனாவை இறக்கினார்.

"ஐயா!"

கோர்ட்டே திடுக்கிடும் சத்தம். இசக்கிமுத்துவின் குரல்தான்.

"ஆட்சேபம் இல்லை, ஐயா."

"சார்!" என்றார் ஏட்டு.

நடுவர் கட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தினார்.

"போன வெள்ளிக்கிழமை, இந்தம்மா விசைப்படகில தப்பிச்சிருவாங்கன்னு குறிச்சிருக்கேன். அதை நம்பித்தான் மனுவைத் தள்ளுபடி செஞ்சேன். இது போலீஸ் சொன்னதுதானே?"

ஏட்டு வேகமாகத் தலையாட்டினார், ஆமாம் என்று.

இசக்கிமுத்து காகிதத்தை மேசையில் வைத்தார்.

"இல்லை, ஐயா. நான் சொன்னது."