ஆடும் பாரம்

வடசென்னையின் குத்துச்சண்டைக் கூடங்களில் இக்கதையைப் பலவிதமாகச் சொல்கிறார்கள். குத்துப்பையின் எடை முப்பது கிலோ என்பார் சிலர். நாற்பது என்பார் சிலர். ஒற்றை ஆளாகத் தூக்கி மாட்ட முடியாத எடை என்பதில் மட்டும் எவருக்கும் மாறுபாடு இல்லை.

தேவசகாயம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே மகள் துபாயில் இருந்தாள். அவர் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டால் அது வானொலியாக இருக்கும். காலை ஆறு மணிக்கு அமுதவல்லியின் கூடத்துக்குப் போய்வருவதுதான் அவருக்கு எஞ்சியிருந்த ஊர், உறவு எல்லாம்.

அமுதவல்லி அவரைவிட இருபது வயது இளையவர். தந்தைக்குப் பின் கூடத்தை ஏற்று நடத்தினார். தந்தையிடம் பாடம் கற்ற தேவசகாயம் மகளையும் தயக்கமின்றி மாஸ்டர் என்றே அழைத்தார். மாஸ்டர் அவரை அண்ணே என்பார். முகத்தைக் காக்கும் கை தாழ்ந்தால் அதே அண்ணனை எல்லார் முன்னிலையிலும் திட்டித் தீர்ப்பார்.

கூடத்தில் 'அடி, பிடி' என்றொரு வழக்கம் இருந்தது. மூன்று நிமிடம் ஒருவர் பையை அடிப்பார். அது ஆடாதபடி மற்றொருவர் பின்னாலிருந்து தோள் கொடுத்துப் பிடித்திருப்பார். மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டு ஒலித்ததும் அடித்தவர் பிடிக்க வேண்டும், பிடித்தவர் அடிக்க வேண்டும். அடித்துவிட்டுப் பிடிக்காமல் நழுவியவருக்கு மறுநாள் பை கிடையாது.

தேவசகாயத்துக்குப் பதினோரு ஆண்டுகளாகப் பை பிடித்தவர் மஸ்தான். துறைமுகத்திலும் அவரே கீழே நின்று கைச்சாடை காட்டுவார். தேவசகாயம் மேலேயிருந்து அந்தக் கையைப் பார்த்துப் பாரத்தை இறக்குவார். ஐப்பசி மாதத்தில் மஸ்தானின் நெஞ்சு நின்றுபோயிற்று.

மஸ்தானுக்காக ஓதிய நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குப் போய்வந்த மறுநாள் தேவசகாயம் கூடத்துக்கு வந்தார். மீன் வண்டி ஓட்டும் பிச்சாண்டி அவருடைய பைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"வா நைனா, இனிமே நான் புடிக்கிறேன். ஆனா மஸ்தான் பாய் மாதிரி பாட்டெல்லாம் வராது. சும்மாதான் புடிப்பேன்."

"அவரு பாடினதையா பாட்டுன்ற?" என்றார் யாரோ.

எல்லாரும் சிரித்தார்கள். தேவசகாயம் கையுறையை அவிழ்த்துக்கொண்டு நேரே மாஸ்டரிடம் வந்தார்.

"மாஸ்டர், இனிமே நான் இங்க வரல."

"ம்."

"வீட்டுலயே அடிச்சிக்கிறேன். பேக்கு வாங்கிட்டேன். எங்க மாட்டுறது, எப்படி மாட்டுறதுன்னு மட்டும் சொல்லிக் குடுங்க."

மாஸ்டர் தடுப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன். ஏணி இருக்கா?"

"இருக்கு."

"வாளி?"

"வாளி எதுக்கு மாஸ்டர்?"

"இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

ஞாயிறன்று மாஸ்டர் துளையிடும் இயந்திரத்தோடும் ஒரு துணிப்பை நிறைய ஸ்பேனர்களோடும் வந்தார். தேவசகாயம் அவரைப் பின்னறைக்கு அழைத்துப்போனார். பழைய கட்டடம், தேக்குச் சட்டங்களின்மேல் செங்கல் பாவிய கூரை. நடுச் சட்டத்தில் ஓர் இரும்புக் கொக்கி.

"இதுதான் இடம். பொண்ணுக்குத் தொட்டில் கட்டின கொக்கி. முப்பத்தஞ்சு வருஷமா அசையல."

"எவ்வளவு தாங்கும்?"

"என்னையா கேக்குறீங்க? பாரம் தூக்கியே சோறு தின்னவன் மாஸ்டர் நான். நூறு கிலோ தாங்கும்."

மாஸ்டர் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வந்து, கயிற்றில் கட்டிக் கொக்கியில் தொங்கவிட்டார். வாளி அசையாமல் நின்றது.

"பாருங்க, ஒரு சொட்டு சிந்தல," என்றார் தேவசகாயம்.

"தள்ளுங்க."

தேவசகாயத்தின் கை எழவில்லை. தொங்கும் பாரத்தை ஆடவிடக் கூடாது. முப்பது ஆண்டுகள் அவர் செய்த வேலையே அதுதான்.

"பாரம் ஆடினா வேலை போயிடும் மாஸ்டர். கீழ ஆளு இருப்பான்."

"இது ஆடுறதுக்குன்னே தொங்குற பாரம். தள்ளுங்க அண்ணே."

தள்ளினார். முதல் வீச்சில் தண்ணீர் தளும்பிற்று. இரண்டாம் வீச்சில் சட்டம் முனகிற்று. மூன்றாவதில் கொக்கி தன் துளைக்குள் மெல்லத் திரும்ப, ஓர் உள்ளங்கை அகலக் காரை பெயர்ந்து வாளிக்குள் விழுந்தது. இருவர் காலும் நனைந்தன.

"நிக்கிற வரைக்கும் தாங்கும்," என்று சொல்லி மாஸ்டர் வாளியை இறக்கினார்.

அடுத்து, கடைக்காரர் சொன்ன சுவர்த் தாங்கியைப் பற்றிப் பேச்செடுத்தார் தேவசகாயம். மாஸ்டர் வீட்டின் நடு அறைச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். தட்டிய இடத்துக்கு நேர் எதிரே, அந்தப் பக்கமிருந்தும் யாரோ தட்டினார்கள்.

"யாருங்க அது? இப்பதான் புள்ள தூங்குச்சு!"

மாஸ்டர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "யாரு வீடு?"

"தெரியல மாஸ்டர். புதுசா வந்திருக்காங்க."

"எப்ப வந்தாங்க?"

தேவசகாயம் யோசித்தார். "ரெண்டு வருஷம் இருக்கும்."

மாஸ்டர் சுவரிலிருந்து கையை எடுத்தார். இரு வீட்டுக்கும் பொதுவான ஒற்றைச் செங்கல் சுவர், அதைத் துளைப்பதற்கில்லை.

கடைசியில், வீட்டின் முன்பகுதியைப் பின்னாளில் நீட்டிக் கட்டியபோது போட்ட கான்கிரீட் உத்திரத்தைத் தேர்ந்தார். சுத்தியால் தட்டியபோது ஓசை எங்கும் ஒரே கனமாக வந்தது. பை எந்தப் பக்கம் வீசினாலும் சன்னலையோ மின்விசிறியையோ தொடாத இடமாக அளந்து, பென்சிலால் நான்கு புள்ளி வைத்தார். தேவசகாயம் ஏணியைப் பிடித்துக்கொண்டார். மாஸ்டர் துளையிட்டு, உள்ளிருந்த தூளை ஊதியெடுத்து, இரும்புத் தகட்டை வைத்து நான்கு ஆங்கர் போல்ட்டுகளை இறக்கினார்.

"திருகத் திருக உள்ள விரிஞ்சு புடிச்சிக்கும்," என்றார்.

சங்கிலியை மாட்டும் ஷேக்கிள் என்னும் இரும்பு வளையம் தேவசகாயத்திடமே இருந்தது. அதிர்வில் அதன் ஆணி தானாகக் கழன்றுவிடாதபடி அதைக் கம்பியால் முறுக்கிக் கட்டியவரும் அவரே. அந்த முறுக்கு மஸ்தானுடையது: இரண்டு சுற்று, பிறகு உள்ளே மடித்துவிடுவது. மாஸ்டர் அதைத் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு தகட்டில் கயிற்றைக் கட்டித் தாமே தொங்கினார்; காலை உதறி முன்னும் பின்னும் ஆடினார். ஒரு தூசும் உதிரவில்லை.

"மாட்டுங்க," என்று சொல்லி ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

தேவசகாயம் பையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். சங்கிலி ஷேக்கிளுக்கு ஒரு சாண் கீழே நின்றது. இன்னும் தூக்கினார், எட்டியது. ஆனால் இரண்டு கையும் பையைச் சுற்றியிருந்தன. இறக்கினார். மீண்டும் தூக்கினார். மூன்றாம் முறை பையோடு சேர்ந்து அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பேக்கு வாங்கினீங்களே, கூட ஒரு மூணாவது கையும் வாங்கியிருக்கக் கூடாதா அண்ணே?"

சிரிக்க நினைத்தார். மூச்சுதான் வந்தது.

"கொஞ்சம் தூக்கிக் குடுங்க மாஸ்டர்."

மாஸ்டர் அடியில் கைகொடுத்துத் தூக்கினார். தேவசகாயம் ஏணியில் ஏறி மாட்டினார். பை தொங்கிற்று.

மாஸ்டர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஸ்பேனரால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். கூடத்தின் மணியைப் போலவே இருந்தது.

தேவசகாயம் அடிக்கத் தொடங்கினார். பின்னால் யாருமில்லாத பை அடிபட்டதும் விலகி ஓடிற்று. அது திரும்பி வரும்வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. வந்தது, அடித்தார், ஓடிற்று. உத்திரம் சத்தமில்லாமல் தாங்கிற்று. போல்ட்டில் குறையில்லை, சங்கிலியில் குறையில்லை. வெறும் வீட்டில் ஒவ்வோர் அடியும் இரண்டு முறை கேட்டது.

மூன்று நிமிடம் முடிந்தது. வாளி ஒலித்தது.

கதை சொல்பவர்கள் இவ்விடத்தில் குரலைத் தாழ்த்துவார்கள். தேவசகாயம் ஒன்றும் நினைக்கவில்லை. பதினோரு ஆண்டுப் பழக்கத்தில் கால்கள் தாமாகவே நடந்தன. பையைச் சுற்றிப் பின்னால் போனார். கால்களை அகற்றி ஊன்றி, தோளை அதில் பதித்து, இரு கைகளாலும் அணைத்து, முகத்தை ஒருபுறம் திருப்பிக்கொண்டார். அடி வருவதற்காகக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அடி வரவில்லை.

சுவருக்கு அப்பால் குழந்தை அழுது, ஓய்ந்தது. பையின் ஆட்டம் அவர் தோளில் அடங்கிற்று. அப்படி எவ்வளவு நேரம் நின்றார் என்பதில் வேறுபாடு உண்டு. நாலு மூச்சு நேரம் என்பார் சிலர். வாளி மறுபடி ஒலிக்கும்வரை, மூன்று நிமிடமும் நின்றார் என்பதே பெரும்பாலோர் கூற்று. மாஸ்டர் அருகில் வரவில்லை என்பதை மட்டும் எல்லாரும் சொல்கிறார்கள்.

பிறகு மாஸ்டர் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துத் துணிப்பைக்குள் போட்டார். வாசலுக்குப் போனார்.

"மாஸ்டர்."

"சொல்லுங்க."

தேவசகாயத்தின் கைகள் இன்னும் பையைச் சுற்றியே இருந்தன.

"இதைக் கழட்டணும்னா எப்படி?"

மாஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அதுக்கும் ரெண்டு பேர் வேணும் அண்ணே."